தெற்கு பிராங்க்ஸா, மேற்கு பால்டிமோரா?

அமெரிக்க நகரங்களின் ‘மோசமான ஏரியா’க்களைக் காரில் சுற்றிக் காட்டும் யூடியூப் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. பலகை அடித்த ஜன்னல், குப்பை மண்டிய காலிமனை, தெருமுனையில் நிற்கும் நாலு பேர். இதில் தெரிவது ஏழ்மை. பார்க்கிறவர்களோ ஆபத்தையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய ஒரே அளவு ஏழ்மை உள்ள இரண்டு இடங்களை எடுத்துப் பார்ப்போம்: நியூயார்க் நகரின் தெற்கு பிராங்க்ஸ், மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரின் மேற்கில் உள்ள சாண்ட்டவுன்-வின்செஸ்டர்.

இரண்டிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழேதான். நாட்டிலேயே பரம ஏழையான காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி எது என்று கேட்டால், பல ஆண்டுகளாகத் தெற்கு பிராங்க்ஸைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கொலைக் கணக்கு வேறு கதை. 2017இல் 80 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நியூயார்க் முழுவதிலும் 292 கொலைகள். ஆறு லட்சம் பேர் வாழும் பால்டிமோரில் 340க்கு மேல்! நியூயார்க்கின் சராசரியைவிடத் தெற்கு பிராங்க்ஸ் மோசம்தான். இருந்தாலும் சாண்ட்டவுன் பக்கத்தில்கூட வராது.

இத்தனைக்கும் 1970களில் தெரு தெருவாக எரிந்தது பிராங்க்ஸ்தான். 1977இல் அதிபர் கார்ட்டர் சார்லட் தெருவுக்கு வந்தபோது அவர் நின்றது இடிபாடுகளுக்கு நடுவில். அப்புறம் 1986இல் மேயர் காச் அறிவித்த பத்தாண்டு வீட்டுத் திட்டத்தில் நகரமே பணம் போட்டுக் கட்டடங்களைத் தூக்கி நிறுத்தியது. டொமினிக்கர்களும் மேற்கு ஆப்பிரிக்கர்களும் வந்து குடியேறினார்கள். தெருமுனை பொடேகா, அதாவது அந்த ஊர்ப் பெட்டிக்கடை, நடுராத்திரியிலும் திறந்திருக்கும். சப்வே எனும் நகர ரயிலும் ராத்திரி பகலாக ஓடுகிறது. மன்ஹாட்டன் வேலைக்கு அரைமணி, முக்கால்மணி நேரத்தில் போய்விடலாம். ஏழ்மை போகவில்லை, ஆனால் தெருவில் ஆள் இருக்கிறார்கள்.

பால்டிமோரில் ஆளே குறைந்துவிட்டது. 1950இல் ஒன்பதரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் ஆறு லட்சத்துக்கும் கீழே. ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகள்தான் அந்த ஊரின் அடையாளம். அந்த வரிசையில் ஒரு வீடு காலியானால் கூரை ஒழுகும், உத்தரம் உளுக்கும், ஈரம் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் ஏறும். இப்படிக் கைவிடப்பட்ட வீடுகள் நகரத்தில் பத்தாயிரத்துக்கு மேல். 2022 ஜனவரியில் அதில் ஒன்றில் தீயணைக்கப் போன மூன்று வீரர்கள் வீடு இடிந்து செத்தார்கள்.

வேலைக்குப் போக வழியும் சரியில்லை. கிழக்கையும் மேற்கையும் இணைக்க இருந்த ரெட் லைன் ரயிலை மேரிலாந்தின் அப்போதைய ஆளுநர் ஹோகன் 2015 ஜூனில் ரத்து செய்தார். சாண்ட்டவுனில் பிடிபட்ட ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் பிடியில் காயமடைந்து இறந்து, நகரம் கொந்தளித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. போலீஸை நம்பாத ஊரில் யார் சாட்சி சொல்வார்கள்? பல ஆண்டுகளில் பாதிக் கொலைகளில்கூடக் கொலையாளி பிடிபடவில்லை. சட்டத்திடம் சிக்காதவனைப் பழிவாங்க அடுத்த துப்பாக்கி கிளம்பும்.

அதற்காகப் பிராங்க்ஸ் சொர்க்கம் என்று அர்த்தமில்லை. அங்குள்ள ஹன்ட்ஸ் பாயின்ட் மொத்த விற்பனைச் சந்தைக்கு வந்து போகும் லாரிகளின் புகையில், பக்கத்துப் பகுதியான மாட் ஹேவனின் குழந்தைகள் இன்ஹேலரோடு வளர்கிறார்கள். அரசுக் குடியிருப்புகளில் பனிக்காலத்தில் ஹீட்டர் நின்றுபோவது வாடிக்கை. இதெல்லாம் கொலைக் கணக்கில் வராது.

டெக்சாஸின் எல் பாசோவை இந்த வீடியோக்காரர்கள் கண்டுகொள்வதே இல்லை. அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஏழை. 2010இல் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸில் கொலைகள் மூவாயிரத்தைத் தாண்டின. இந்தப் பக்கம் எல் பாசோவில் வெறும் ஐந்து. லாஸ் ஏஞ்சலஸில் வீடற்றவர்கள் குவிந்திருக்கும் ஸ்கிட் ரோ பகுதி வேறு ரகம்: வீடற்றவர்களையும் அவர்களுக்கான சேவைகளையும் ஓரிடத்திலேயே வைத்துக்கொள்வது என்று 1970களில் நகரமே எடுத்த முடிவின் விளைவு. அங்கே துப்பாக்கியைவிடப் போதைமருந்தும் நோயும்தான் அதிகம் பேரைக் கொல்கின்றன.

இவற்றில் எதுவும் தலையெழுத்து இல்லை. பிலடெல்ஃபியாவில் காலிமனைகளில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டுப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. பால்டிமோரும் 2022இல் மேற்குக் காவல் மாவட்டத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சுடக்கூடிய, சுடப்படக்கூடிய சிலரை நேரில் தேடிப்போய், வேலையும் உதவியும் தருகிறோம், மறுத்தால் வழக்கு என்று சொல்வதுதான் வழி. 2024இல் நகரின் கொலைகள் 201 ஆக இறங்கின. இதற்குள் அங்கே யாரும் பணக்காரராகிவிடவில்லை.

குடியேறுவது என்றால் நான் பிராங்க்ஸைத்தான் தேர்ந்தெடுப்பேன், வாடகை கழுத்தை நெரித்தாலும். பால்டிமோரில் வீடு மலிவு என்பது உண்மை. நகராட்சி வசமுள்ள பாழடைந்த வீடுகளை அங்கேயே குடியிருக்கப் போகிறவர்களுக்கு ஒரு டாலருக்குத் தர 2024இல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பழுதுபார்க்க 90,000 டாலர் கடனுக்கு ஒப்புதல் வாங்கிக் காட்ட வேண்டும். சாண்ட்டவுனில் இப்போது குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு வங்கி அதைக் கொடுக்கும்?