அறிக்கையில் தவறு: கவுன்சிலில் புகாரா, கோர்ட்டில் பதிலா, ஆம்புட்ஸ்மனா?

இங்கிலாந்தில் குடும்ப நீதிமன்ற வழக்கு நடக்கிறது. கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சோஷியல் வொர்க்கர், அதாவது குழந்தைநலப் பணியாளர், கொடுத்த அறிக்கையில் நடக்காத ஒன்று நடந்ததாக இருக்கிறது. படித்த பெற்றோர் பலரும் முதலில் கவுன்சிலுக்குத்தான் புகார் எழுதுகிறார்கள். கோபம் நியாயம்தான், போய் நிற்கும் வாசல்தான் தவறு.

கவுன்சில் புகார் முறைக்கு 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமும் 2006 விதிமுறைகளும் அடிப்படை. மொத்தம் மூன்று கட்டம். முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலைநாள், சிக்கலானால் 20. இரண்டாவதில் கவுன்சிலைச் சேராத ஒருவரும் விசாரணையில் உட்காருவார். அதற்கு 25 வேலைநாள், நீட்டினால் 65. அப்புறம் மறுஆய்வுக் குழு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் இரண்டு கட்டமே 17 வாரம் வரை இழுக்கலாம். குழந்தையைக் கவுன்சில் பராமரிப்பில் எடுக்கும் வழக்கையோ 26 வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது 2014ஆம் ஆண்டுச் சட்டம். போதாததற்கு, வழக்குக்குப் பாதிப்பு வரும் என்றால் புகாரை அப்போதைக்கு எடுக்காமல் விட விதியிலேயே இடமுண்டு. வழக்கு முடிந்து ஓராண்டுக்குள் மறுபடி கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சரி, புகாரில் ஜெயித்தே விட்டாலும் நீதிபதியின் உத்தரவு ஒரு எழுத்துகூட மாறாது.

அறிக்கையை உடைக்க நீதிமன்றம்தான் இடம். தவறான வரிகளைப் பக்க எண்ணோடு குறித்து வாக்குமூலத்தில் மறுக்கலாம். எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யக் கேட்கலாம். பராமரிப்பு வழக்கென்றால் பெற்றோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பிரிந்த பெற்றோர் இருவருக்கிடையிலான வழக்கில் அந்தச் சலுகை கிடையாது, அங்கேதான் திண்டாட்டம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 21 நாள்தான். புகாரின் பதிலுக்குக் காத்திருந்து இந்த 21 நாளைக் கோட்டை விடுவதை விடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

கவுன்சில்மீதான புகார்களைத் தனியாக நின்று விசாரிப்பவர் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மன். அவரிடம் போகக் காசு வேண்டாம். ஆனால் நீதிமன்றத்தில் நடந்ததை அவர் தொட 1974ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. அறிக்கையின் உள்ளடக்கமும் அதில் அடங்கும். மாதக்கணக்கில் பதில் தராதது, பிள்ளையைச் சந்திக்கச் செய்த ஏற்பாட்டைக் காற்றில் விட்டது போன்ற நிர்வாகக் குறைகளுக்கு அவர் நல்ல வழி. கிடைப்பது மன்னிப்புக் கடிதம், சிறு தொகை, நடைமுறையைத் திருத்தச் சொல்லும் பரிந்துரை.

2019 முதல் இயங்கும் சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற ஒழுங்குமுறை அமைப்பு, ஒரு சோஷியல் வொர்க்கர் அந்தத் தொழிலுக்குத் தகுதியானவரா என்று பார்ப்பது. கருத்து வேறுபாட்டை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

எங்கே போனாலும் ஒன்று: வழக்கில் சம்பந்தப்பட்டவர்மீது புகார் கொடுப்பதற்காக வழக்குத் தகவலைக் காட்டக் குடும்ப நடைமுறை விதி 12.75 இடம் தருகிறது. அதே தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், நீதிமன்ற அவமதிப்பு என்று உங்கள்மேலேயே வழக்கு திரும்பலாம்.