பிக்கப் கூட்டித் தருகிறோம் என்று ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுகிறார்கள், கழற்ற விடாதீர்கள்

மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் பழைய டீசல் கார் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். குறைந்த செலவில் இன்ஜினுக்குக் காற்று அதிகம் போகச் செய்கிறோம், பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்று சொல்லி, கம்பெனி பொருத்திய ஏர் ஃபில்டர் பெட்டியை அடியோடு கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டி அனுப்புகிறார்கள். என் வண்டியில் இதற்கு 8,500 ரூபாய் வாங்கினார்கள். இன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையே மாற்ற வேண்டிய நிலைமைக்கு வண்டி வந்துவிட்டது.

மேடு ஏறும்போது இழுவை குறைகிறது என்றுதான் ஒரு மெக்கானிக் கடையில் வண்டியை விட்டேன். பானெட்டைத் திறந்தவர் வேறு எதையும் சோதிக்கவில்லை. கறுப்புப் பெட்டியைக் கழற்றினார், சிவப்புத் துணி வைத்த கூம்பு ஃபில்டர் ஒன்றை ஹோஸின் முனையில் செருகினார். கூடவே 'சிப்' என்று கட்டை விரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் ஒயரில் இணைத்தார். பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டி, “கேளுங்கள் அண்ணே, இப்போதுதான் இன்ஜின் மூச்சு விடுகிறது” என்றார். உண்மையாகவே சத்தம் பெரிதாகக் கேட்டது. இந்தச் சத்தத்தைக் காட்டித்தான் வியாபாரம் செய்கிறார்கள். கம்பெனி பெட்டி, காற்றை உறிஞ்சும் இரைச்சலை அடக்கி வைக்கிறது. பெட்டி போனால் இரைச்சல் வெளியே வரும். அதைச் சக்தி என்று நம்பவைக்கிறார்கள்.

அந்தப் பெட்டியின் மூக்கு எங்கே போகிறது என்று உங்கள் வண்டியில் பாருங்கள். பெரும்பாலும் முன் கிரில்லுக்கோ ஹெட்லைட்டுக்கோ பின்னால் போகும். வெளிக்காற்று, சூடாகாத காற்று, அந்த வழியாகத்தான் வருகிறது. கூம்பு ஃபில்டரோ பானெட்டுக்குள், கொதிக்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அங்கே இருக்கிற சூட்டுக் காற்றை இழுக்கிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், அதில் உள்ள ஆக்ஸிஜனும் குறையும். இன்ஜினுக்கு நல்ல காற்று வேண்டும் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, இருந்த நல்ல காற்றையும் அடைத்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கேடு தூசி. நம் ஊரில் தை, மாசியில் சம்பா அறுப்பு எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அறுவடை இயந்திரம் ஒரு வயலில் இறங்கினால் பதரும் வைக்கோல் தூளும் தெரு முழுக்கப் பறக்கும். சாலையிலேயே நெல்லைக் காயப்போடுவார்கள். போதாததற்கு மணல் லாரிகள். ஒரு லிட்டர் டீசல் எரியப் பத்தாயிரம் லிட்டருக்குக் குறையாத காற்றை இன்ஜின் இழுக்கிறது. அவ்வளவு காற்றோடு வரும் நுண்மணலைத் தடுக்க ஒரு காகித ஃபில்டர்தான் இருக்கிறது. எண்ணெய் தடவிய மலிவான துணி ஃபில்டர் அந்த நுண்மணலைச் சரியாகப் பிடிப்பதில்லை. என் வண்டியில் அது ஹோஸுக்கு அளவாகக்கூடப் பொருந்தவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, அதன்மேல் கிளாம்பை முறுக்கியிருந்தார்கள்.

அறுப்பு முடிவதற்குள் கரும்புகை வந்தது, டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது. எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஃபில்டரைக் கழற்றி ஹோஸின் உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினார். எண்ணெயும் மண்ணும் குழைந்து சாம்பல் நிறச் சேறாக ஒட்டியிருந்தது. காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சாரில் மெல்லிய கம்பி ஒன்று சூடாக இருக்கும். அந்தக் கம்பியில் ஃபில்டர் எண்ணெய் படிந்து, சென்சார் தப்பான கணக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தது. டர்போவின் காற்றுச் சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்தோம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம் அது. இறக்கைகளின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தது, அச்சும் விரலுக்கு ஆடியது. சிலிண்டருக்குள் எவ்வளவு கீறல் விழுந்திருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும்.

'சிப்' பெட்டியையும் உடைத்துப் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர், இரண்டு ஒயர். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான். உள்ளே வரும் காற்று குளிர்ந்திருக்கிறது என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் பொய்க் கணக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. காற்று ஒரு டிகிரிகூடக் குளிராது. இதற்கு மட்டும் 2,000 ரூபாய்.

எனக்கு ஆறாத கோபம் அடுத்த விஷயத்தில்தான். இழுவை குறைந்ததற்குக் காரணம், டர்போவிலிருந்து, அழுத்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் கிளாம்புக்கு அடியில் இருந்த வெடிப்பு. அழுத்தக் காற்று அந்த வழியாக வீணாகிக்கொண்டிருந்தது. வெடிப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவு பளிச்சென்று தெரிந்தது. பானெட்டைத் திறந்த எந்த மெக்கானிக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இதே கடையில் அடுத்த கட்டமாக, ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். டெல்டாவில் இருந்துகொண்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருத்துறைப்பூண்டி பக்கத்துச் சாலைகளில் தண்ணீர் நிற்காத வருடம் அபூர்வம். அவ்வளவு தாழ்வாக இருக்கும் ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால், இந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் பெரும்பாலும் கிடைக்காது.

காற்று வழியைச் சீராக்க உண்மையில் பெரிய செலவே இல்லை. சிறிய கார்களுக்கு ஒரிஜினல் காகித ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். நம் ஊர்த் தூசிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர்வரை காத்திருக்க வேண்டாம், அறுப்பு முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். காகிதத்தைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பெட்டிக்குள் பதர் சேர்ந்திருக்கும், வயல் எலி வைக்கோலைக் கொண்டுவந்து கூடு கட்டியிருப்பதும் உண்டு, சுத்தம் செய்யுங்கள். மூடியின் கிளிப், ரப்பர் விளிம்பு, டர்போவரை உள்ள எல்லாக் கிளாம்பும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரால் மைலேஜ் ஏறும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டரைப் புதிதாக்கினால் முடுக்கம்தான் கூடியது, மைலேஜ் ஏறவில்லை.

கடைக்குத் திரும்பப் போய் என் பழைய பெட்டியைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு, இந்த வேலைக்கெல்லாம் பில் கிடையாது என்றார்கள். பணம் போனில் அனுப்பியதால் அந்தப் பதிவு இருக்கிறது. கழற்றிய ஃபில்டர், சிப், தேய்ந்த சக்கரத்தின் படங்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகார் சொல்லலாம்.

இதே மாதிரி ஃபில்டரும் சிப்பும் மாட்டிக்கொண்டவர்கள், வண்டி இப்போது நன்றாக ஓடினாலும், அடுத்த அறுப்புக்கு முன்பே ஒரிஜினல் பெட்டியைத் தேடி மாட்டிவிடுங்கள். பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. கழற்றியதைத் தூக்கி எறிய வேண்டாம், மனு கொடுக்க அதுதான் சாட்சி.