ஏ.ஆர்.டி. மையம்: மருந்துக்கு ஐந்து ஸ்டார், மற்றதுக்கு இழுத்துப் பிடித்தால் மூன்று

மிக்சிக்கும் பிரியாணிக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ இருக்கிறது, ஆயுசு முழுக்க ஹெச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போகவேண்டிய ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒரு வரி கூட இல்லை. ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று சொல்லி, "ஏ.ஆர்.டி. போய்ப் பதிஞ்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள், அங்கே என்ன நடக்கும் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை என்று தவிக்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போவது மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனைக்கு. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், அங்கேதான் இன்னும் நான் மாத்திரை வாங்க வேண்டும்.

முதலில் நல்லது. மருந்தில் குறையே கிடையாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு டப்பாவில் 30, தினமும் ஒன்று, பைசா செலவில்லை. என் பக்கத்தில் உட்காரும் ஒரு அக்கா பழைய ஆள், 2004 ஏப்ரலில் இலவச மருந்து தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் வரைக்கும் பஸ் ஏறிப் போனவர். அந்தக் கால ஸ்டாவுடின் மாத்திரையில் கன்னம் ஒட்டி, கை கால் கொழுப்பெல்லாம் கரைந்து, நரம்பு வெளியே தெரியுமாம். வியாதியை மறைத்தாலும் மருந்து முகத்தில் எழுதிக் காட்டிவிடும் என்பார். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் எடை ஏறும், சிலருக்கு முதல் சில வாரம் தூக்கம் கெடும், அவ்வளவுதான். ஒழுங்காகச் சாப்பிட்டால், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோட் ரிப்போர்ட்டில் அது கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குப் போய்விடும். அப்படியே தொடர்ந்து வைத்திருந்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இதை மையத்தில் ஆலோசனை சொல்லும் என் கவுன்சிலர் சொன்னபோது நான் நம்பவில்லை, டாக்டரிடம் போய் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கவுன்சிலர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முதல் நாள் அவர் என்னிடம், எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்? மாத்திரையை எங்க வைப்பீங்க?" என்றுதான் கேட்டார். மாமியார் வீட்டில் இருக்கும் பெண்ணிடம் கேட்கவேண்டிய சரியான கேள்வி அது. டப்பாவை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், லேபிளைக் கிழிக்காமல் மேலே வேறு தாள் சுற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவர் லீவு போட்ட நாளில் போனால் வேறு ஒருவர், ஃபாரத்தைப் பார்த்தபடியே பேசுவார். யார் கிடைக்கிறார் என்பது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

இனி குறை. மையம் இருப்பது கட்டடத்தின் கடைசி மூலையில், டி.பி. வார்டுக்குப் பக்கத்தில். அந்த வராண்டாவில் நடந்தாலே எதற்குப் போகிறோம் என்று வாட்ச்மேன் முதல் டீக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பலர் சொந்த மாவட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மாவட்டத்தில் பதிகிறார்கள், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போனாலும் பரவாயில்லை என்று. மில்லில் ஷிப்டுக்குப் போகிற பெண் ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் என்ன பொய் சொல்வாள்? எத்தனை சித்தப்பாவைத்தான் சாகடிப்பது! நிலைமை சீராக இருப்பவர்களுக்குச் சில மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் ஸ்டாக் இல்லை என்று ஒரு டப்பாவோடு அனுப்பிய நாளும் உண்டு.

ஒரு தடவை ஊசி போடும் இடத்தில் ஊழியர் ஒருவர் நான்கு பேர் காதில் விழும்படி "ஏ.ஆர்.டி. கேஸா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி, நம் சம்மதமில்லாமல் இதை வெளியில் சொல்லக்கூடாது, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகாருக்கென்று ஒரு அலுவலர் இருக்கவேண்டும். எங்கள் மையத்தில் அப்படி ஒரு பெயர்ப்பலகையை நான் பார்த்ததில்லை. பெண்கள் கழிப்பறையும் பூட்டித்தான் இருக்கும், சாவி சிஸ்டரிடம், சிஸ்டர் ரவுண்ட்ஸில்.

என் பெரிய வருத்தம் இதுவல்ல. நாட்டில் இந்த வைரஸோடு வாழ்பவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பெண்கள், உலக அளவில் பாதிக்கும் மேல். ஆனால் அந்த மையத்தில் பெண் உடம்பு என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் நினைவில்லை. எங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஆறு மடங்கு. அதற்கான பரிசோதனையை மாத்திரை வாங்கும் நாளிலேயே அங்கேயே செய்தால் என்ன? சீட்டு எழுதி வேறு பில்டிங்குக்கு அனுப்புவார்கள், அங்கே மறுபடி வரிசை, மறுபடி முதலிலிருந்து கதை. பாதிப் பேர் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சத்து மாத்திரை விஷயமும் அப்படித்தான். ரத்தசோகைக்கு இரும்பு, கால்சியம் கொடுக்கிறார்கள், ஆனால் வெறும் வயிற்றில் அவற்றை டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக ஏறாது என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். ஒன்று சாப்பாட்டோடு சேர்த்துப் போடவேண்டும், இல்லையென்றால் இரும்புக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ இதைப் போடவேண்டும்.

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக ஊர் முழுக்கத் தட்டி வைத்த காலம் ஞாபகமிருக்கும். புள்ளிராஜாவின் பெண்டாட்டிக்கு வருமா என்று எந்தத் தட்டியும் கேட்கவில்லை. வரிசையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பெண்கள் அவள்தான், ஒரே ஆளோடு வாழ்ந்து வாங்கிக்கொண்டவள். இதில் இன்னொரு கொடுமை, கர்ப்பமானால் முதலில் டெஸ்ட் எடுப்பது பெண்ணுக்குத்தான். ரிசல்ட் முதலில் அவள் பெயரில் வருவதால் "இவதான் கொண்டு வந்தா" என்று பட்டமும் அவளுக்கே. புருஷனை டெஸ்டுக்குக் கூட்டிவரச் சொல்லி அனுப்புகிறார்கள், அவன் வருவதில்லை, மையமும் அதற்கு மேல் விசாரிப்பதில்லை.

அதே கர்ப்பிணி விஷயத்தில் வேலை சுத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய்க்கு உடனே மருந்து, குழந்தைக்குப் பிறந்ததும் சிரப், ஆறு வாரத்தில் ரத்தப் பரிசோதனை, 18 மாதத்தில் கடைசி உறுதி. எதுவும் செய்யாவிட்டால் நூறில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக்கூடியது, இப்படிச் செய்தால் 5-க்கும் கீழே வந்துவிடும். எங்கள் வரிசையில் நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு ஓடித்திரியும் வாண்டுகள் நிறைய.

சரி, போகிறவர்களுக்கு: பச்சை நிறச் சிறு புத்தகத்தை மறக்காதீர்கள், மிச்ச மாத்திரையை டப்பாவோடு கொண்டுபோங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமையும் பண்டிகைக்கு அடுத்த நாளும் வேண்டாம், கூட்டம் தாங்காது. பயமாக இருந்தால் போவதற்கு முன் ஹெச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது, பெயர் சொல்லவேண்டியதில்லை. மையத்திலேயே பாசிட்டிவ் பெண்கள் நெட்வொர்க் ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று கேளுங்கள். சென்னையில் 1998-ல் கௌசல்யா போன்ற பாசிட்டிவ் பெண்களே சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது, விதவை பென்ஷன் மனு எழுதுவதிலிருந்து சொத்துத் தகராறு வரைக்கும் கவுன்சிலரை விட அவர்களுக்கு விவரம் அதிகம். அப்புறம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குச் சீட்டு அவர்களாகத் தரும்வரை காத்திருக்காமல் நீங்களே கேட்டு வாங்குங்கள்.