ரயில் தடமா, கால்வாய்க் கரையா, மலை முகடா: பொட்டோமாக் வட்டாரத்தின் மூன்று பாதைகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு மேற்கே மூன்று நெடும்பாதைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை 241 கி.மீ. நீளும் கிரேட் அலெகேனி பாசேஜ், தண்டவாளம் எடுக்கப்பட்ட பழைய ரயில் தடம். அது முடியும் கம்பர்லாந்திலேயே தொடங்கி வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 297 கி.மீ. பொட்டோமாக் ஆற்றோடு ஒட்டிவருவது செசபீக்–ஒஹையோ கால்வாய்க் கரை. இந்தக் கரையை ஹார்ப்பர்ஸ் ஃபெரி அருகே தொட்டுவிட்டு, மேரிலாந்துக்குள் மட்டும் சுமார் 66 கி.மீ. முகட்டின் மேலேயே போவது அப்பலாச்சியன் டிரெயில்.

மூன்றில் எது நமக்கு ஒத்துவரும் என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: பாதையை யாருக்காக வெட்டினார்கள்? முதலாவதை ரயில் எஞ்சினுக்காக, இரண்டாவதைப் படகு இழுத்த கோவேறு கழுதைகளுக்காக, மூன்றாவதை நடப்பவர்களுக்காகவே. சரிவு, தரை, தண்ணீர், நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

ஏற்றம்

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அதனால் ரயில் தடத்தைச் செங்குத்தாகப் போட முடியாது. கிரேட் அலெகேனி பாசேஜில் மிகக் கடினமான ஏற்றமே 1.75 சதவீதம்தான். ஆனாலும் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாதையின் உச்சி 729 மீட்டர் உயரத்தில், கிழக்குக் கண்ட நீர்பிரிமேட்டில் (மழைநீர் அட்லாண்டிக் பக்கமும் மெக்சிகோ வளைகுடா பக்கமும் பிரியும் முகட்டில்) இருக்கிறது. பிட்ஸ்பர்க் பக்கமிருந்து வந்தால் அந்த உயரத்தை 200 கி.மீ.க்கு மேல் பரப்பி ஏறுவோம், ஏறுவதே தெரியாது. கம்பர்லாந்து பக்கமிருந்து வந்தால் ஏறக்குறைய 540 மீட்டரை வெறும் 38 கி.மீ.யில் ஏறியாக வேண்டும். செங்குத்து இல்லை, ஆனால் பெடலை விட்டு ஓய்வெடுக்க இடமே கிடைக்காத மூன்று, நான்கு மணி நேர உழைப்பு. மூட்டுவலி உள்ளவர்களும் சுமை ஏற்றிய சைக்கிளோடு முதல்முறை போகிறவர்களும் பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குவதே நல்லது.

கால்வாய்க் கரை 297 கி.மீ.யில் மொத்தமே 184 மீட்டர்தான் இறங்குகிறது. அதுவும் சீராக இல்லை. நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கிய 74 லாக்குகள் (கதவு போட்ட தொட்டிகள்) ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டரை மீட்டர் அளவுக்கு ஒரு குட்டிச் சரிவு, நடுவில் முழுச் சமதளம்.

அப்பலாச்சியன் டிரெயிலில் கிலோமீட்டரை மட்டும் வைத்து நேரம் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் வகுத்த விதி இங்கே கைகொடுக்கும்: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கி.மீ. நடையில் 450 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 24 நிமிடத்தோடு 45 நிமிடம் சேர்த்து மூன்று மணிக்குச் சற்று மேல். இதில் ஓய்வு சேரவில்லை. மேரிலாந்தின் வட எல்லையில் பென் மார் பக்கம் பாதை முழுக்கப் பாறைத் துண்டுகள். அங்கே மணிக்கு 3 கி.மீ. என்று போட்டாலே நியாயம்.

தரை

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வரைபடத்தில் ரயில் தடமும் கால்வாய்க் கரையும் ஒரே கோடாகத் தெரிவதால், ஒரே டயர், ஒரே வேகம் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள்.

ரயில் தடத்தில் போட்டிருப்பது நொறுக்கி இறுக்கிய சுண்ணாம்புக்கல். மழை விட்ட சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். 32 மி.மீ. டயரே தாங்கும், 38 இருந்தால் சொகுசு. இதன் ஒரே தொல்லை அந்த வெள்ளைப் பொடி. ஈரத்தில் குழம்பாகிச் செயினில் ஒட்டி, காய்ந்ததும் சிமென்ட்டு மாதிரி இறுகும். பிசுபிசுப்பான எண்ணெய் போட்டால் பொடி இன்னும் சேரும். வறண்ட தரைக்கான மசகு போட்டு, தினமும் மாலையில் துணியால் செயினைத் துடைத்துவிட்டு, இணைப்புகளில் மட்டும் ஒவ்வொரு சொட்டு விட்டால் போதும்.

கால்வாய்க் கரையில் அடித்தளமே களிமண். சில துண்டுகளில் நொறுக்குக்கல் போட்டுச் சரிசெய்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் இரண்டு சக்கரத் தடம், நடுவில் புல், குறுக்கே மரவேர். மரநிழலில் வெயில் இறங்காததால் ஒருநாள் மழையின் குட்டை பல நாள் நிற்கும். இங்கே 40 மி.மீ.க்குக் குறைந்த டயர் வேண்டாம். ரயில் தடத்தில் 45 பி.எஸ்.ஐ. காற்றோடு ஓட்டியவர்கள் கரைக்கு வந்ததும் ஐந்தாறு குறைத்துக்கொண்டால் வேர்களில் கை அதிராது. அதற்கும் கீழே போனால் வேரின் விளிம்பில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

மழைக்குப் பிறகு கரையில் சைக்கிளை நிறுத்திவைப்பது பெரும்பாலும் மட்கார்டுதான். களிமண் டயரோடு சுற்றி மட்கார்டுக்குள் ஏறி இறுகிவிடும். அதன்பின் சக்கரம் உருளாது, தேய்த்துக்கொண்டே வரும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் முன்பக்க மட்கார்டைக் கழற்றிவைத்துவிட்டே கிளம்பலாம். ரிம் பிரேக் சைக்கிளில் மணல் கலந்த சேறு பிரேக் கட்டைகளை அரைத்துத் தள்ளும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். வேர்களின் அதிர்வில் கேரியர் போல்ட்டுகளும் தளரும். இரவு தங்குமிடத்தில் 4 மி.மீ. ஆலன் கீயால் ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். குட்டை வந்தால் ஓரமாக ஒதுங்க வேண்டாம்: ஓரத்துக் களிமண் வழுக்கும், பாதையும் அகலமாகிக் கெட்டுப்போகும். வேகத்தைக் குறைத்து, திருப்பாமல், நடுவே நேராக விடுங்கள்.

கரை முழுக்கச் சேறானால் தப்பிக்க ஒரு வழி உண்டு. ஹான்காக் ஊரின் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 45 கி.மீ. தூரத்துக்குக் கால்வாயை ஒட்டியே ஓடும் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயில், தார் போட்டது. ரயில் தடத்தில் நாளுக்கு 80 கி.மீ. ஓட்டக்கூடியவர் கரையில் 60 என்றே திட்டமிடட்டும். மழைக்கால வாரம் என்றால் 50.

நடப்பவர்களுக்குக் கதை வேறு. சமதளம் சுலபம் என்பது பாதி உண்மைதான். ஒரே அளவு அடி, ஒரே கோணத்தில் பாதம் பதிவது என்று 25 கி.மீ. போனால் குதிகாலிலும் விரலிடுக்கிலும் கொப்புளம் வரும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரம் வலிக்கும். மலையில் அடிக்கு அடி கோணம் மாறுவதால் தசை களைக்குமே தவிர இந்த உராய்வு குறைவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலுறையை மாற்றுவது சமதளத்தில்தான் அதிகம் உதவும். ஷூவும் அப்படியே: கரைக்கு மெத்தென்ற ஓட்ட ஷூ போதும், பென் மார் பாறைகளுக்கு அடிப்பகுதி கெட்டியானது வேண்டும்.

தண்ணீர், தங்கல், தடை

இந்த விஷயத்தில் கால்வாய்க் கரையை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே சில மைல்களுக்கு ஒரு கூடாரத் திடல், பெரும்பாலானவற்றில் கைப்பம்பு. ஆனால் குளிர்காலத்தில் பம்புகளின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். அப்போது தண்ணீரைச் சுமந்தே ஆகவேண்டும். அப்பலாச்சியன் டிரெயிலில் ஊற்றுநீர்தான். வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. மேரிலாந்து பகுதியில் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் கூடாரம் போட அனுமதியும் கிடையாது.

இரு சைக்கிள் பாதைகளிலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ரயில் தடத்தின் பிக் சேவேஜ் சுரங்கத்தில் விளக்கு உண்டு, ஆனால் குளிர்காலத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். கால்வாயின் பா பா சுரங்கத்தில் விளக்கே இல்லை. கம்பிவேலி போட்ட குறுகிய நடைபாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். டார்ச் இல்லாமல் நுழையாதீர்கள்.

அப்பலாச்சியன் டிரெயிலின் மேரிலாந்துப் பகுதியில், கால்வாய்க் கரையோடு சேர்ந்து போகும் ஐந்து கி.மீ.க்கும் குறைவான துண்டைத் தவிர, சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வழியைக் காட்டுவது மரங்களில் அடித்திருக்கும் 5 செ.மீ. அகல, 15 செ.மீ. உயர வெள்ளைப் பட்டை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திருப்பம் வருகிறது என்று பொருள். நீலப் பட்டை கிளைப்பாதை. தண்ணீருக்கோ காட்சிமுனைக்கோ போகும். கொஞ்ச நேரம் வெள்ளையே கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்பிப் போவதுதான் சரி.

உண்ணி மூன்றிலும் உண்டு. கரையோரப் புல்லில் அதிகம். லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்றைப் பரப்பும் வகையும் இங்கே இருக்கிறது. தினமும் இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்தால் நுனி கூரிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவும். எண்ணெய் தடவுவதோ நெருப்பு காட்டுவதோ வேண்டாம்.

இரண்டே நாள்தான் இருக்கிறது, எது பிடிக்கும் என்றும் தெரியவில்லை என்பவர்கள் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் தங்கலாம். ஒருநாள் கரையோடு சைக்கிள், மறுநாள் அதே கரையிலிருந்து கிளம்பி வெவர்ட்டன் பாறை முகட்டுக்கு நடை. ஊருக்கும் கரைக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தின் முனையில் சுழல் இரும்புப் படிக்கட்டு இருக்கிறது. சைக்கிளைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். பைகளை முதலில் கழற்றி இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள்.