உப்புத் தண்ணியிலும் முளைக்கும் சூரியகாந்தி விதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். விளாத்திகுளம் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் கரிசல், போர் தண்ணி உவர். போனில் ஆர்டர் எடுத்து கூரியரில் விதை அனுப்பும் ஒரு கடையில் சித்திரைப் பட்டத்துக்கு வீரிய ஒட்டு சூரியகாந்தி 5 கிலோ வாங்கினேன். 7,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே.

ஏன் நம்பினேன் என்றால், அந்த ஆள் முதலில் விலையே பேசவில்லை. “அண்ணே, தண்ணி இ.சி. எவ்வளவு?” என்று கேட்டான். இ.சி. என்பது தண்ணியில், மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு. தண்ணி சோதனைச் சீட்டைப் பார்த்து 4 என்றேன். “நாலுதானே, நம்ம ரகம் உப்பையும் தாங்கும் வெயிலையும் தாங்கும், தைரியமா ஊனுங்க” என்றான். இ.சி. கேட்கிற விதைக்காரனை நான் அதுவரை பார்த்ததில்லை, அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன்.

ஆறேழு நாளில் வரிசை தெரிய வேண்டும். பன்னிரண்டாம் நாளும் பாதிக்கு மேல் வெறும் மண்தான். வந்த ஒன்றிரண்டும் வேர் நுனி கருகி, விதைத் தோலைக் கழற்ற முடியாமல் நிற்கிறது.

போன் போட்டால் முதல் நாள் “ஆழமா ஊனியிருப்பீங்க”. அப்புறம் “வெயில் 40 தாண்டிருச்சே, விதை என்ன பண்ணும்?” மூன்றாம் தடவை “உங்க தண்ணிதான் உப்பு” என்று எனக்கே சொல்கிறான்! அதைத் தாங்கும் என்றுதானே 7,500 ரூபாய் வாங்கினாய்? இப்போது போனே எடுப்பதில்லை.

உப்பும் சூடும் சேர்ந்தால் கெடுதல்தான், இல்லையென்று சொல்லவில்லை. உப்பு ஈரத்தை விதையால் எளிதில் உறிஞ்ச முடியாது, வெயிலில் தண்ணி ஆவியாக ஆவியாக உப்பு மேலேறி விதை கிடக்கும் இடத்திலேயே தங்கும். ஆனால் மீதி விதையில் நூறு எண்ணி, குடிதண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்தேன். 41தான் முளைத்தது. இன்னொரு நூறு போர் தண்ணியில், 13. சான்று விதைக்கு 70 சதவீதமாவது முளைக்க வேண்டும். உப்பெல்லாம் அப்புறம், அவன் அனுப்பியதே செத்த விதை.

விவரமாகச் சொல்ல நினைத்தேன், மனசு சரியில்லை. விதைக்கும் முன் நூறு விதையை உங்கள் தண்ணியிலேயே முளைக்கப் போட்டுப் பாருங்கள். மண்ணில் இ.சி. 4.8 வரை சூரியகாந்தி தாங்கும் என்பது மகசூல் குறையாது என்கிற கணக்கு, முளைப்புக்கு அதை நம்ப வேண்டாம். பில், லாட் எண், முளைப்புத் திறன் போட்ட அட்டை இல்லாமல் வாங்காதீர்கள். காலிப் பையை எறியாதீர்கள். விதை ஆய்வாளர் முதலில் அதைத்தான் கேட்டார், எங்கள் வீட்டில் அது அடுப்புக்குப் போய்விட்டது. 7,500 ரூபாய், உழவுக்கூலி தனி.