ஒரே ரா கோப்பு, நான்கு விதமான நிறம்: நான்கு எடிட்டிங் மென்பொருள்களின் மதிப்பீடு

புதுச்சேரி, கடலூர் பகுதியில் திருமணப் படம் எடுக்கும் தொழிலில் இருக்கும் நாம், எடிட்டிங் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் வேகத்தையும் விசாரிக்கிறோம். நிறத்தைப் பற்றி விசாரிப்பது, ஆல்பம் அச்சாகி வந்து, புடவையின் நிறம் மாறிவிட்டது என்று பெண் வீட்டார் சொன்ன பிறகுதான். எனவே நிறத்தை மட்டுமே அளவுகோலாக வைத்து நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ, அடோபியின் லைட்ரூம் கிளாசிக், கேப்சர் ஒன், டார்க்டேபிள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கேமரா நிக்கான், கோப்புகள் 14 பிட் ரா, அதாவது சென்சார் பதிந்த எண்களை இன்னும் படமாக்காமல் அப்படியே வைத்திருப்பவை. எந்த மென்பொருளிலும் ஒரு ஸ்லைடரைக்கூட நகர்த்தாமல், திறந்தவுடன் தெரிந்த படத்தையே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு படங்களே போதுமானவையாக இருந்தன. ஒன்று, புதுச்சேரியில் கப்ஸ் கோயிலுக்கு அருகிலுள்ள தெருவில், மாலை வெயில் நேராக விழும் பழைய பிரெஞ்சு வீட்டின் மஞ்சள் சுவர். வெள்ளை விளிம்புகளும் மதில்மேல் படர்ந்த காகிதப்பூவும் அதில் உண்டு. மற்றொன்று, கடலூர் மஞ்சக்குப்பத்து மண்டபம் ஒன்றில் எடுத்தது: அரக்கு நிறப் பட்டு, மயில்கழுத்து நிறத்தில் பார்டர், மணப்பெண்ணின் கழுத்தில் புதிதாக மஞ்சள் தடவிய சரடு, மேடை முழுக்க எல்இடி விளக்கு.

மஞ்சள் சுவர் என்எக்ஸ் ஸ்டூடியோவில் கேமராத் திரையில் கண்டபடியே வந்தது. லைட்ரூமில் அது ஆரஞ்சை நோக்கிச் சற்றே சாய்ந்தது. கேப்சர் ஒன்னில் நிழல்கள் ஆழமாகி, சுவரே அழுத்தமான வண்ணம் பூசியதுபோல் தெரிந்தது. டார்க்டேபிளில் அதே சுவர் வெளிறி, மேகம் மூடிய நாளில் எடுத்ததைப் போல் இருந்தது. புடவையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. மயில்கழுத்து பார்டர் ஒன்றில் நீலமாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் விழுந்தது. அரக்கு ஓரிடத்தில் மெரூன், ஓரிடத்தில் செங்கல் நிறம்.

இவற்றில் எது பொய் சொல்கிறது என்று கேட்பதற்கு முன், ரா கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஓர் எண்ணைத்தான் பதிவு செய்கிறது. 14 பிட் கோப்பில் அது 0 முதல் 16383 வரை இருக்கலாம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, பாதிப் புள்ளிகளின் மேல் பச்சை வடிகட்டியும், கால் பங்கின் மேல் சிவப்பும், எஞ்சிய கால் பங்கின் மேல் நீலமும் இருக்கின்றன. விடுபட்ட இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து மென்பொருள்தான் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். அதன்பின் ஒயிட் பேலன்ஸ் (எந்த விளக்கிலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம்) அளவுக்கேற்பச் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கி, கிடைத்த எண்களைக் கண் காணும் நிறங்களாக மொழிபெயர்க்க வேண்டும்.

வேறுபாடு பிறக்கும் இடம் இந்த மொழிபெயர்ப்பே. சென்சாரின் வடிகட்டிகள் ஒளியைப் பிரிக்கும் விதமும் நம் கண் பிரிக்கும் விதமும் ஒன்றல்ல என்பதால், நம் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு சாயங்கள் சென்சாருக்கு இரண்டாகத் தெரியலாம். நமக்கு இரண்டாகத் தெரிபவை அதற்கு ஒன்றாகவும் தெரியலாம். எல்லா நிறங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் சூத்திரம் கணக்கிலேயே கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் எந்த நிறத்தைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று தானே முடிவு செய்கிறது. தோலின் நிறத்துக்குத்தான் பொதுவாக முன்னுரிமை கிடைக்கிறது. பட்டின் ஊதாவும் மயில்கழுத்தும் அந்தப் பேரத்தில் அடிபடுகின்றன.

இதற்கு மேல் டோன் கர்வ் வருகிறது. படத்துக்கு எடுப்புக் (கான்ட்ராஸ்ட்) கொடுக்கும் அந்த வளைவைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தனித்தனியாகச் செலுத்தினால், வெளிச்சமான ஆரஞ்சு மஞ்சளை நோக்கி நகர்ந்துவிடும். நிறம் நகராதபடி செலுத்தும் முறைகளும் உள்ளன, ஆனால் மென்பொருளுக்கு மென்பொருள் முறை வேறு. வெயில் பட்ட மஞ்சள் சுவர் நான்கு விதமாக மாறியதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

என்எக்ஸ் ஸ்டூடியோவை நிக்கான் 2021 முதல் இலவசமாகத் தருகிறது. கேமராவில் நாம் தேர்ந்தெடுத்த பிக்சர் கன்ட்ரோலையும் (நிறத் தோற்ற அமைப்பு) ஆக்டிவ் டி-லைட்டிங்கையும் (வெளிச்சப் பகுதிகளையும் நிழல்களையும் காக்கும் அமைப்பு) ரா கோப்பிலிருந்து படித்து அப்படியே செயல்படுத்துவதால், கேமராவே உருவாக்கித் தரும் ஜேபெக் படத்துடன் இதன் நிறம் ஒத்துப்போகிறது. பல்லாயிரம் படங்களைக் கையாள வேண்டிய திருமண வேலைக்கு இதன் வேகம் போதாது. ஆனாலும், கேமரா நினைத்த நிறம் எது என்று சரிபார்க்க இதைக் கணினியில் வைத்திருப்பது நல்லது. ஆக்டிவ் டி-லைட்டிங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: அதை இயக்கி எடுக்கும்போது கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்துப் பதிவு செய்யக்கூடும், இந்த அமைப்பை அறியாத பிற மென்பொருள்களில் படம் இருண்டு திறக்கும்.

லைட்ரூமில் படங்களை ஏற்றும்போது முதலில் தெரிவது ரா கோப்புக்குள் கேமரா பொதிந்துவைத்த ஜேபெக் முன்னோட்டம். சில நொடிகளில் லைட்ரூம் தன் கணக்கை முடித்துப் புதிய படத்தைக் காட்டுகிறது, நம் கண்முன்னேயே நிறம் மாறுகிறது. பலர் இதைக் கோளாறு என்று நினைத்து மென்பொருளை மறுபடியும் நிறுவிப் பார்க்கிறார்கள்; கோளாறு எதுவும் இல்லை. அடோபி ஒவ்வொரு கேமராவுக்கும் தானே ப்ரொஃபைல், அதாவது சென்சாரின் எண்களை நிறமாக்கும் விதி, தயாரிக்கிறது. அதில் 2856 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) குண்டு பல்பு ஒளிக்கு ஒன்றும், ஏறத்தாழ 6500 கெல்வின் பகல் ஒளிக்கு ஒன்றுமாக இரண்டு மாற்று அட்டவணைகளை வைத்து, இடைப்பட்ட ஒளிக்கு இரண்டையும் கலந்துகொள்கிறது. 2018 ஏப்ரல் முதல் இயல்பாக வரும் அடோபி கலர் என்ற ப்ரொஃபைல், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களைக் கூடுதல் கதகதப்புடன் காட்டும்படி அமைக்கப்பட்டது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நம் முகங்களில் அது செம்மையை ஏற்றுவதாகவே எனக்குத் தோன்றுகிறது; மஞ்சள் பூசிய கன்னத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. தீர்வு எளிது. ப்ரொஃபைல் பட்டியலில் கேமரா மேட்சிங் பிரிவுக்குச் சென்று கேமரா ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுத்தால், நிக்கானின் நிறத்துக்கு மிக அருகில் வந்துவிடலாம். ரா இயல்பு அமைப்பில் கேமரா செட்டிங்ஸ் என்று ஒருமுறை மாற்றிவைத்தால், அடுத்தடுத்து ஏற்றும் படங்கள் தாமாகவே அப்படித் திறக்கும்.

கேப்சர் ஒன் அழகான படத்தைத் திறந்தவுடன் தருகிறது. புதிய கேமராக்களுக்கு அது தரும் ப்ரோஸ்டாண்டர்ட் ப்ரொஃபைல், எடுப்பைக் கூட்டும்போது நிறம் நகராமல் காக்கிறது. பட்டின் ஜரிகையை இது கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. விலைதான் நம் பகுதிச் சிறு ஸ்டூடியோக்களுக்குச் சுமை.

டார்க்டேபிள் இலவசம், திறந்த மூலம். வெளிறிய தொடக்கத்தைக் கண்டு இதை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை, ஏனெனில் படத்தை இனிமேல்தான் நீங்கள் உருவாக்கப்போகிறீர்கள் என்ற எண்ணத்தில் அது நடுநிலையாகத் திறக்கிறது. பகல் ஒளிக்கான ஒரே அட்டவணையைத்தான் அது இயல்பாகப் பயன்படுத்துகிறது என்பதால் மண்டப விளக்கில் தடுமாறுகிறது. ஆனால் அதே விளக்கில் 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையை ஒரு படம் எடுத்து, கலர் கேலிப்ரேஷன் பகுதியில் கொடுத்தால், அந்த ஒளிக்கென்றே நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. அப்படித் திருத்திய பிறகு மயில்கழுத்து பார்டர், நான்கிலும் புடவைக்கு மிக நெருக்கமாக வந்தது இதில்தான்.

ஒரு மென்பொருளில் கண்ட கெல்வின் எண்ணை இன்னொன்றில் தட்டச்சு செய்வது வீண்வேலை. அந்த எண் கோப்பில் இருப்பதன்று; ஒவ்வொரு மென்பொருளும் தன் அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டுச் சொல்வது. கேமராவில் பதிந்தபடி என்ற தேர்வை எல்லாவற்றிலும் வைத்து ஒப்பிடுவதே முறை. மானிட்டர் சரியாக அளவீடு செய்யப்படவில்லை என்றால் இந்த ஒப்பீடு எதற்கும் பொருள் இல்லை.

திருமண வேலைக்கு நான் லைட்ரூமையே கேமரா ஸ்டாண்டர்ட் ப்ரொஃபைலுடன் பரிந்துரைக்கிறேன். புடவை நிறம் பிசகக் கூடாத நெருக்கப் படங்களுக்கு டார்க்டேபிளும் கலர்செக்கர் அட்டையும் துணைக்கு இருக்கட்டும். லைட்ரூம், கேப்சர் ஒன் இரண்டையும் வாங்குமுன் கட்டணமின்றிச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. அந்தச் சோதனைக்கு நிறுவனத்தின் மாதிரிப் படங்களைப் பயன்படுத்தாமல், நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் மண்டபத்தின் மேடை விளக்கில் எடுத்த ரா கோப்பை, முடிந்தால் அதே புடவையை அருகில் வைத்துக்கொண்டு, திறந்து பாருங்கள்.