டிராக் பள்ளி: வளைவு பழகிவிட்டது, கை இன்னும் பழகவில்லை

யமஹா ஆர்15 பைக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, எக்ஸாஸ்ட் (சைலன்ஸர்) மாற்றலாமா, பந்தயத் தடத்தில் பைக் ஓட்டக் கற்றுத்தரும் டிராக் பள்ளியில் ஒரு நாள் சேரலாமா? மூன்று வருடத்தில் மூன்று முறை கட்டணம் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பள்ளியில் சேருங்கள். ஆனால் முட்டி தரையில் உரசும் போட்டோவுக்காகச் சேராதீர்கள். அதற்காக வருபவர்கள் நாள் முழுக்க இடுப்பைத் தொங்கவிடுவதிலேயே குறியாக இருந்து, பைக்கை எந்த இடத்தில் திருப்பினோம் என்பதையே கவனிக்காமல் போகிறார்கள்.

நம் பக்கத்தில் டிராக் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைதான். சோழவரம் விமான ஓடுதளப் பந்தயக் காலத்துக்குப் பிறகு 1990-இல் வந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அமெரிக்காவில் கீத் கோட் 1980-இல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் 2010-இல் இங்கே வந்தது. அதன் முதல் நிலையில் ஐந்து பாடங்கள்: த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கட்டுப்பாடு, திரும்பும் புள்ளி (பைக்கைத் திருப்பத் தொடங்கும் இடம்), சட்டென்று திருப்புவது, ஹேண்டில்பாரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது, முதலில் புள்ளியையும் பிறகு வளைவின் உள்ளோரத்தையும் பார்த்துத் திருப்புவது. வகுப்பில் ஒரு பாடம், உடனே தடத்தில் அந்தப் பாடம் மட்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றும் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள். ஒரே சுற்றில் பத்து விஷயத்தைத் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது.

முதல் பாடத்துக்கு நான்காவது கியர், பிரேக் தொடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். வேகத்தைக் குறைக்கப் பிரேக் இல்லாதபோது நுழையும் வேகத்தைக் கண்ணால் கணித்தே ஆகவேண்டும். பைக் சாய்ந்து வழி பிடித்ததும் த்ராட்டிலை மெல்லத் திறந்து, வளைவு முடியும்வரை சீராக, விடாமல் கூட்டிக்கொண்டே போகவேண்டும். காரணம் டயரில் இருக்கிறது. நிற்கும் பைக்கில் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப்பாதி. முன் டயர் ஒல்லி, பின் டயர் அகலம். முன்னால் 40, பின்னால் 60 என்று எடை நின்றால்தான் இரண்டும் தன் தகுதிக்கேற்ற சுமையைத் தாங்கும். வளைவின் நடுவில் பயந்து த்ராட்டிலை மூடினால் எடை முன்னால் சாய்ந்து, ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) அமுங்கி, அந்த ஒல்லி டயர் தலையில் எல்லாம் விழுகிறது. 150 சிசி பைக்கில் இந்தப் பாடம் சரியாக உறைப்பதில்லை. நான்காவது கியரில் முழுக்க முறுக்கினாலும் பின் டயரை மீறும் பலம் அதற்கு இல்லை, அதனால் நம் தப்பைக் காட்டிக்கொடுக்காது. 400 சிசி, 650 சிசி என்று ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சட்டென்று திருப்புவது ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு தேவை. 70-க்கு 38, 80-க்கு 45. இப்போது 70-இல் போகிற பைக் ஒரு நொடிக்கு 19 மீட்டர் கடக்கிறது. சாய்க்க இரண்டு நொடி எடுத்துக்கொண்டால் 39 மீட்டர் போய்விட்டது, வளைவில் கணிசமான பகுதி முடிந்தது, மிச்சத்தை இன்னும் இறுக்கி, இன்னும் சாய்ந்து திரும்பவேண்டும். ஒரே நொடியில் சாய்த்தால் அதே வளைவு அதே வேகத்தில் குறைந்த சாய்வில் முடிந்துவிடும். வலது பக்கம் திரும்ப வலது பிடியை முன்னால் அழுத்தவேண்டும், அவ்வளவுதான். இந்தக் கவுண்டர் ஸ்டியரிங் புரியவில்லை என்று யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

என் எரிச்சல் எல்லாம் கையைப் பற்றியது. மூன்று வருடமாகத் தீராத எரிச்சல்.

வலது கை அழுத்தும்போது இடது கை விறைத்துக்கொண்டிருந்தால் இரண்டும் சண்டை போடுகின்றன. பைக் தயங்கித் தயங்கிச் சாயும், நாம் பைக்கைக் குறை சொல்வோம். சாய்ந்த பிறகும் பிடி இறுகியிருந்தால் தடத்தின் ஒவ்வொரு மேடும் முன் சக்கரத்திலிருந்து ஹேண்டில்பார் வழியாக நம் தோளுக்கு வந்து, தோளிலிருந்து திரும்ப ஹேண்டில்பாருக்கே போகிறது. பைக் ஆடுகிறது என்று சஸ்பென்ஷன் திருகும் பலருக்கு ஆடுவது தன் தோள்தான் என்று தெரிவதில்லை. த்ராட்டிலும் அதே கையில்தான் இருக்கிறது. இறுகிய மணிக்கட்டால் சீராகத் திறக்கவே முடியாது, குத்திக் குத்தித்தான் திறக்கும். ஆக முதல் பாடம் முதல் கடைசிப் பாடம் வரை எல்லாமே கையில் வந்து மாட்டிக்கொள்கிறது.

"கையை லூசாக விடுங்க" என்று பயிற்சியாளர் சொல்வார். கையால் அது முடியாது, காலால்தான் முடியும். உடம்பை வேறெதுவும் தாங்காதபோது கை பிடித்துத் தொங்கத்தானே செய்யும்? செய்முறை இது: வளைவுக்கு வெளிப்பக்கத்துக் காலின் முன்பாதத்தை ஃபுட்ரெஸ்டில் வையுங்கள், நடுப்பாதம் வேண்டாம். குதிகாலைத் தூக்குங்கள். தொடை மேலே ஏறி டேங்கின் குழிவில் போய் அழுந்தும், அங்கேயே பூட்டிக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும் நேரத்தில் இரண்டு முட்டியாலும் டேங்கை நெருக்குங்கள், வயிற்றுத் தசை இறுகட்டும். இவ்வளவும் திரும்பும் புள்ளிக்கு முன்பே முடியவேண்டும். சாய்ந்துகொண்டே இடம் மாறினால் உடம்பை இழுக்க மறுபடியும் கைதான் போகும். பிறகு சோதனை: கோழி இறக்கை அடிப்பதுபோல முழங்கை இரண்டையும் ஆட்டுங்கள். முதலில் நேர்ப்பாதையில், அப்புறம் நீளமான, மெதுவான வளைவில். ஆட முடியவில்லை என்றால் கால் பூட்டவில்லை.

இன்னொரு அடையாளம், ஒவ்வொரு முறை தடத்திலிருந்து வெளியே வந்ததும் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். தொடையும் வயிறும் வலித்தால் சரி. பன்னிரண்டாவது நிமிடத்தில் முன்கை உருண்டு கல்லாகி, விரல் மரத்து, பிரேக் லீவரின் உணர்வே போய்விட்டால் அந்த நேரம் முழுக்க ஹேண்டில்பாரில் தொங்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை வேகத்தைப் பாதியாகக் குறைத்து காலை மட்டும் பழகுங்கள். தண்ணீரும் உப்புக்கரைசலும் குடியுங்கள். சித்திரை வெயிலில் லெதர் சூட்டுக்குள் முதலில் போவது கவனம், அதன் பின்னால்தான் தசை.

ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், இந்தக் கால் பூட்டும் விஷயம் முதல் நாள் முழுக்க வாயில் வரவேயில்லை. அதெல்லாம் மேல்நிலைப் பாடமாம். பின்னால் வரும் பயிற்சியாளருக்கு நம் கோடு (வளைவில் நாம் எடுக்கும் வழி) தெரியும், தலை தெரியும், பிடியின் இறுக்கம் தெரியாது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். பிட் லேனில் (தடத்தை ஒட்டி பைக்குகள் நிற்கும் இடம்) பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏற்றி உட்காரவைத்து, பத்து நிமிடம் காலைப் பூட்டிக் காட்டினால் போதுமே. கேட்டால் செய்வார்கள், அதனால் கேளுங்கள். ஒழுங்கான பயிற்சியாளர் யாரும் மறுக்கமாட்டார்.

கிளம்பும் முன் பைக் வேலை கொஞ்சம்தான். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றளவைக் கையேட்டு அளவிலிருந்து 2 அல்லது 3 பிஎஸ்ஐ குறைத்துக்கொள்ளுங்கள், ஓட ஓடச் சூட்டில் ஏறும். மாலை ரோட்டில் திரும்பும் முன் மறக்காமல் பழையபடி அடித்துவிடுங்கள். பிரேக் ஆயில் பழசானால் மாற்றுங்கள், ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து லீவர் பிடி வரை வந்துவிடும். பைக்கின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டுங்கள். ஃபுட்ரெஸ்டின் அடியில் தொங்கும் நீளத் திருகையும் கழற்றிவிடுங்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பாடத்தில் பாதியை மட்டும் எடுத்துப் போகவேண்டும். கண், த்ராட்டில், கால், கை எல்லாம் உதவும். தடத்தின் கோடு உதவாது. வலது வளைவில் உள்ளோரம் என்பது நடுக்கோடு. டயர் நம் பக்கத்தில் இருந்தாலும் சாய்ந்த தலை எதிரே வரும் பஸ்ஸின் பாதையில் இருக்கும். இடது வளைவுக்கு வெளியிலிருந்து நுழையப் போனாலும் அதே நடுக்கோட்டில்தான் நிற்கிறோம். நம் பாதையின் நடுவில், வேகம் குறைத்து, தொங்காமல் போங்கள். அங்கே மூன்றாவது ஊசியிலேயே கை மறுபடி இறுகுகிறது. இவ்வளவு பணம் கட்டிய பிறகும் இறுகுகிறதே என்று அந்த நேரத்தில் வரும் கோபத்தில், நான்காவது முறை கட்டமாட்டேன் என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது.

நண்பருக்கு: எக்ஸாஸ்ட் வேண்டாம். பாலிஷ் போட்ட டேங்கில் லெதர் வழுக்கும், அதனால் முதலில் ஒரு ஜோடி டேங்க் கிரிப் (வழுக்காத ஒட்டுப்பட்டை) வாங்கி, முட்டி படும் இடத்தில் ஒட்டுங்கள். காலி மைதானத்தில் ஒரு வாரம், 40 கி.மீ. வேகத்தில், எட்டு போட்டுக் காலைப் பூட்டிப் பழகுங்கள். அடுத்த தேதிக்குப் பெயர் கொடுங்கள்.